பெரியம்மாவின் அளவுக்கு ஒரு கணினி

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் மூத்தவர்களுக்கு நம் குடும்பங்களில் இரண்டு பொருள்கள் தவறாமல் வந்துசேர்கின்றன. ஒன்று கைத்தடி, மற்றொன்று, இளையவர் எவரேனும் பயன்படுத்தி ஒதுக்கிய பழைய கைப்பேசி. கைத்தடி வாங்கும்போது அவரை நிற்கவைத்து உயரம் பார்க்கிறோம். பிடி கைக்குப் பொருந்துகிறதா என்று கேட்கிறோம். கைப்பேசிக்கு அக்கேள்விகளில் ஒன்றுகூட எழுவதில்லை. "இதில் எல்லாம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடுகிறோம். நோயுற்ற மூத்தவருக்கு அமைத்துத் தரும் கணினியும் கைத்தடியைப் போலவே அளவெடுத்து அமைக்கப்பட வேண்டிய துணைக்கருவி என்பதே எங்கள் கருத்து. இக்கருத்துக்கு நாங்கள் எளிதாக வந்துசேரவில்லை. இரண்டு தவறுகளைச் செய்த பிறகே வந்தோம்.

எங்கள் பெரியம்மா அரசுப் பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அண்ணன் தங்கையாகிய எங்கள் இருவரையும் வளர்த்ததில் எங்கள் தாய்க்கு நிகரான பங்கு அவருக்கு உண்டு. 73ஆம் வயதில் மூளையின் இடப்பக்கத்தில் ஏற்பட்ட பக்கவாதம் அவருடைய வலக்கையைத் தளர்த்தியது. பேச்சு சற்றே குழறியது. அறிவும் நினைவும் தெளிவாகவே இருந்தன. சில மாத இயன்முறைப் பயிற்சிக்குப் பின் நடை திரும்பியது. வலக்கை விரல்கள் மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை.

அவர் மருத்துவமனையில் இருந்த நாள்களில் கட்டணங்களைச் செலுத்துவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று, அவருடைய வங்கிக் கணக்கோடு இணைந்த கைப்பேசி எண்ணை எங்களுடைய எண்ணாக மாற்றினோம். அவர் ஒப்புக்கொண்டுதான் மாற்றினோம். வீடு திரும்பிய பிறகும் அதை அப்படியே விட்டுவிட்டோம். ஓய்வூதியம் வந்ததா என்று அவர் கேட்டபோதெல்லாம், "அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் பெரியம்மா, நீங்கள் ஓய்வெடுங்கள்" என்றே விடை சொன்னோம். சில மாதங்களில் அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். அவருக்கு நிம்மதி வந்துவிட்டது என்று எண்ணினோம்.

ஒரு மாலையில் அவர் பழைய குறிப்பேடு ஒன்றில் இடக்கையால் எண்களை எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டோம். கைப்பயிற்சி செய்கிறார் என்று நினைத்து அருகில் சென்று பார்த்தோம். மாதவாரியாக ஓய்வூதியம், மருந்துச் செலவு, மின்கட்டணம், எஞ்சிய தொகை என்று பத்தி பிரித்து எழுதியிருந்தார். தம் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கும் என்று அவரே உத்தேசமாகக் கணித்துக்கொண்டிருந்தார். தம்முடைய பணத்தின் அளவை ஊகித்து அறிய வேண்டிய நிலையில் அவரை நாங்கள் வைத்திருந்தோம். இது எங்கள் முதல் தவறு.

அவர் கணக்கை அவரே பார்க்கும்படி செய்ய வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தோம். கைப்பேசியில் முயன்றோம். சிறிய திரை, அதைப் பிடிக்க ஒரு கை, தொட ஒரு கை வேண்டும். மேசைமேல் வைத்து இடக்கையால் தொட்டால், பழகாத விரல் ஓரிடத்தில் நில்லாமல் வேறெதையோ திறந்தது. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், திரையைக் கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் விசைகள் கைக்கு எட்டா. மேசைக் கணினி ஒன்றில்தான் திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே தேர்ந்தெடுத்துத் தனித்தனியே இடம் மாற்ற முடியும். ஆகவே பாகங்களை வாங்கி நாங்களே பொருத்துவது என்று தீர்மானித்தோம்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுவதும் அலைந்து பாகங்களை வாங்கிவந்தோம். பொருத்தும்போது பெரியம்மா அருகில் அமர்ந்து, திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, இடக்கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். எல்லாம் முடிந்து விசையை அழுத்தினோம்; விசிறி சுழன்றது, திரையில் ஒன்றும் வரவில்லை. அரைமணி நேரம் தேடிய பிறகு, ரேம் பலகை அதன் பள்ளத்தில் முழுமையாக அழுந்தவில்லை என்று தெரிந்தது. "படிக்காமல் தேர்வு எழுத வந்தீர்களா?" என்று கேட்டுப் பெரியம்மா சிரித்தார். நோய்க்குப் பின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

இரண்டாவது தவறு அதன் பிறகு நிகழ்ந்தது. கணினியை எங்கள் பழக்கப்படி அமைத்துக் கொடுத்தோம். திரையில் குடும்பப் படம் ஒன்றை வைத்து, அது மறையக் கூடாதென்று சின்னங்களை எல்லாம் வலப்பக்கம் நகர்த்தினோம். வங்கியின் சின்னம் எங்கே இருக்கிறது என்று பலமுறை காட்டினோம். அடுத்த நாள் கேட்டால், "அங்கே ஒன்றும் இல்லையே" என்றார். நினைவு தளர்கிறது என்று நாங்கள் இருவரும் தனியே பேசிக் கவலைப்பட்டோம். இனி இந்தச் சுமையை அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்றுகூட எண்ணினோம்.

அடுத்த மறுபரிசோதனையின்போது இதைச் சொன்னோம். மருத்துவர் எங்களிடமிருந்த கோப்பையே புரட்டி, அதில் இருந்த பார்வைப் புலச் சோதனையின் படத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு கண்களுக்கும் உரிய வட்டங்களில் வலப்பாதி கறுத்திருந்தது. இரு கண்களும் காணும் காட்சியின் வலப்பாதியை மூளையின் இடப்பக்கமே உணர்கிறது. அப்பகுதி பாதிக்கப்பட்டால் கண்கள் நலமாக இருந்தும் வலப்பக்கம் தெரியாது; மூக்குக்கண்ணாடி மாற்றினாலும் தெரியாது. அங்கே ஒன்றும் இல்லை என்று பெரியம்மா சொன்னது முழு உண்மை. பல மாதங்களாக எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த ஒரு தாளை நாங்கள் படிக்காததன் பழியை அவருடைய அறிவின்மேல் சுமத்தியிருந்தோம்.

கணினி வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகளைவிட, மருத்துவரிடமும் நோயாளியிடமும் கேட்கும் கேள்விகளே முதன்மையானவை என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். கண் எதைப் பார்க்கிறது? எந்தக் கை, எவ்வளவு உறுதியாக இயங்குகிறது? எவ்வளவு நேரம் உட்கார முடியும்? எதைச் செய்ய விரும்புகிறார்? இந்நான்குக்கும் விடை கிடைத்த பிறகு கணினியைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் வீட்டில் கண்ணுக்காகச் செய்தவற்றை முதலில் சொல்கிறோம். தமிழ் இடமிருந்து வலமாகச் செல்வதால், வலப்பக்கம் தெரியாதவருக்கு வரியின் அடுத்த சொல் எப்போதும் மறைவிலேயே இருக்கும். ஆகவே படிக்கும் பக்கத்தின் அகலத்தைக் குறைத்து வரிகளைக் குட்டையாக்கினோம், எழுத்தைப் பெரிதாக்கினோம், சின்னங்களை எல்லாம் இடப்பக்கம் கொண்டுவந்தோம். ஆயினும் ஒரு சாளரத்தை மூடும் குறி வலப்பக்க மேல்மூலையில்தான் இருக்கும். அதற்கு வழி சொன்னவர், அன்றாடச் செயல்களை மீண்டும் பழக்கித்தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். திரையின் வலது விளிம்பு நெடுகச் சிவப்பு ஒட்டுநாடாவை ஒட்டச் சொன்னார். "சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்புங்கள், சிவப்பு தெரிந்தால்தான் வரி முடிந்தது" என்று பழக்கினார். சில ரூபாய் விலையுள்ள அந்த நாடா, நாங்கள் வாங்கிய எந்தப் பாகத்துக்கும் குறையாத பயனைத் தந்தது.

திரை வாங்கும்போது பலரும் அறியாத ஒன்று உண்டு. 24 அங்குலத் திரையும் 27 அங்குலத் திரையும் ஒரே அளவு புள்ளிகளைக் கொண்டிருந்தால், அதாவது இரண்டுமே 1920க்கு 1080 என்றால், பெரிய திரையில் எழுத்து தானாகவே எட்டில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். திரையை முன்னும் பின்னும் இழுக்கக்கூடிய கைத்தாங்கியில் பொருத்துவது இன்னும் பயனுள்ளது. பாதித் தொலைவுக்குக் கொண்டுவந்தால் எழுத்து இரண்டு மடங்கு பெரிதாகத் தோன்றும். கண்புரை உள்ளவர்களுக்கு ஒளிக்கூச்சம் மிகும். பளபளப்பற்ற திரையே அவர்களுக்கு ஏற்றது, சாளரத்துக்கு எதிரே அதை வைக்கலாகாது. இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் கீழ்க்கண்ணாடியின் வழியே திரையைப் பார்ப்பதற்காகத் தலையை அண்ணாந்து வைத்துக்கொள்வார்கள். சில நாள்களில் கழுத்து வலிக்கும். அவர்களுக்குத் திரையைத் தாழ்வாக வைக்க வேண்டும். அல்லது கணினிக்கென்றே தனிக்கண்ணாடி வேண்டுமா என்று கண் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அடுத்தது கை. மவுஸை இடப்பக்கம் வைத்து, அதன் பொத்தான்களை இடம் மாற்றினோம். சுட்டும் அம்பைப் பெரிதாக்கி அதன் வேகத்தைக் குறைத்தோம். மவுஸை நகர்த்தவே இயலாதவர்களுக்கு, அசையாமல் ஓரிடத்தில் இருந்து உருண்டையை மட்டும் உருட்டும் டிராக்பால் உதவும். விண்டோஸில் 'ஸ்டிக்கி கீஸ்' என்னும் அமைப்பை இயக்கினால், இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். ஒரு கையே போதும். 'ஃபில்டர் கீஸ்' என்னும் அமைப்பு, நடுங்கும் விரல் ஒரே விசையை மீண்டும் மீண்டும் தட்டுவதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். இவ்விரண்டுக்கும் தனிக்கட்டணம் இல்லை, கணினியிலேயே உள்ளன. தமிழில் எழுத, 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வரையறுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைப் பெரியம்மா தேர்ந்தெடுத்தார். உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் முறைப்படி அமைந்திருப்பது அந்த ஆசிரியைக்குப் பிடித்துவிட்டது. பேசினால் தட்டச்சாகும் வசதியும் தமிழில் உண்டு. ஆயினும் பேச்சு குழறுபவர்களுக்கு அது பிழைபட எழுதிச் சலிப்பூட்டும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது இருக்கை. கணினி மேசைக்கென்று விற்கப்படும் சக்கர நாற்காலிகளை, உடல் சமநிலை குறைந்தவர்களுக்கு வாங்க வேண்டாம். எழும்போது அவை பின்னே நழுவும். கைப்பிடியுள்ள, நான்கு கால்களும் தரையில் உறுதியாக நிற்கும் நாற்காலியே நல்லது. தளர்ந்த கையைத் தொங்கவிடாமல் மேசைமீதோ சிறு தலையணைமீதோ தாங்கி வைக்க வேண்டும். தொங்கினால் தோள் மூட்டு வலிக்கும். கணினிப் பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்தால், குனிந்து நிமிரும்போது தலைசுற்றும் அபாயம் இல்லை. கம்பிகள் அனைத்தும் சுவரோரம் கட்டப்பட்டிருக்க வேண்டும். நடைபாதையில் கிடக்கும் ஒரு கம்பி, எலும்பு முறிவுப் பிரிவுக்கு நேர்வழி.

இவற்றுக்குப் பின்னரே உள்ளிருக்கும் பாகங்கள். மூத்தவருக்கான கணினிக்குத் தனி வரைகலை அட்டை வேண்டியதில்லை. அது விலையையும் சூட்டையும் இரைச்சலையும் கூட்டும். வரைகலைத் திறன் உள்ளடங்கிய பிராசசரே போதும். ரைசன் வகையில் 5600ஜி அத்தகையது. நாங்கள் அதைத்தான் வாங்கினோம். இன்டெல் பிராசசரின் பெயர் 'எஃப்' என்னும் எழுத்தில் முடிந்தால் அதில் அத்திறன் இராது என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டு ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று, தரமான எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, மின்சாரம் போனாலும் முறைப்படி அணைக்கச் சில நிமிடங்கள் தரும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று, மருத்துவரோடு காணொளியில் பேச ஒரு கேமரா. திரை, இயங்குதள உரிமம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஏறத்தாழ 58,000 ரூபாய் ஆயிற்று.

மருத்துவச் செலவால் கைவறண்டிருக்கும் குடும்பத்துக்கு இது பெருந்தொகை என்பதை அறிவோம். கடன் வாங்கி இதைச் செய்ய வேண்டாம். வீட்டில் பழைய மேசைக் கணினி இருந்தால், அதன் சுழல்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினாலே வேகம் வெகுவாகக் கூடும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியில், கட்டணமற்ற லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளத்தை நிறுவிய பிறகே வங்கிப் பணிகளைச் செய்யலாம். நாங்கள் மேலே சொன்ன நாடா, நாற்காலி, எழுத்தளவு ஆகியவை பழைய கணினிக்கும் பொருந்தும். அளவெடுப்பதற்குச் செலவில்லை.

"மூத்தவரிடம் வங்கிக் கணக்கைக் கொடுத்தால் மோசடிக்காரர்கள் ஏமாற்றிவிடமாட்டார்களா?" என்று உறவினர்கள் எங்களைக் கேட்டார்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் மோசடிக்காரர்கள் எல்லா வயதினரையும் ஏமாற்றுகிறார்கள். அதற்காக நாற்பது வயதினரின் கணக்கை எவரும் பறித்து வைத்துக்கொள்வதில்லை. விவரம் தெரியாமல் ஒதுக்கிவைக்கப்பட்டவரைவிட, தம் கணக்கை நாள்தோறும் பார்ப்பவரே தவறான ஒரு கழிவை விரைந்து கண்டுபிடிப்பார். வேண்டிய காவல்களை வைக்கலாம். இணைய வழியில் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகைக்கு வங்கியிலேயே தாழ்ந்த வரம்பு வைத்தோம். புதிய மென்பொருள்களை நிறுவும் அதிகாரம் இல்லாத சாதாரணப் பயனர் கணக்கை அமைத்தோம். தொலைவிலிருந்து திரையைப் பகிர்ந்து உதவும் வசதியை, அவர் எங்களை அழைத்துக் கேட்டால் மட்டுமே பயன்படுத்துவது என்று வகுத்துக்கொண்டோம்.

திரைக்கு அருகில் பெரிய எழுத்தில் ஓர் அட்டையும் இருக்கிறது. ஒருமுறைக் கடவு எண்ணை எவருக்கும் சொல்லலாகாது. தாமாக அழைத்து மென்பொருளை நிறுவச் சொல்பவர் மோசடிக்காரர். 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. காணொளியில் சீருடையோடு மிரட்டினாலும் அழைப்பைத் துண்டித்துவிடலாம். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். இவ்வட்டையை எழுதியவர் பெரியம்மாவே. இடக்கையால், தமிழ்99இல், இரண்டு மாலைகளில்.

இந்த ஏற்பாடு எல்லாருக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. மறதிநோய் முற்றியவர்களுக்குப் பணப்பொறுப்பு பெருஞ்சுமையாகலாம். அதை மருத்துவரோடு கலந்து முடிவெடுக்க வேண்டும். கணினியே வேண்டாம் என்று விரும்பி ஒதுங்குபவரை வற்புறுத்துவதும் தவறு. பக்கவாதத்துக்குப் பின் களைப்பு விரைந்து வரும். பெரியம்மா இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறார். ஆயினும் "அவருக்கு முடியாது" என்று முடிவு கட்டுவதற்கு முன், முடியாதது அவருக்கா, நாம் கொடுத்த கருவிக்கா என்று ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யாமலேயே நாங்கள் ஒரு தெளிந்த அறிவின்மீது தீர்ப்பு எழுதவிருந்தோம்.

கணினி அவர் கைக்குப் பழகிய பின், மூவரும் வங்கிக்குச் சென்று, கணக்கோடு இணைந்த கைப்பேசி எண்ணை மீண்டும் பெரியம்மாவின் எண்ணாக மாற்றினோம். கடவுச்சொல்லை அவரே அமைத்தார். அது அவருடைய குறிப்பேட்டில், அவருடைய பீரோவில் இருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. இதைச் செய்யாதிருந்தால் நாங்கள் செலவிட்ட பணமும் உழைப்பும் ஓர் அழகிய பெட்டியாக மட்டுமே எஞ்சியிருக்கும். நோய் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்வதை எல்லாம் நம்மால் மீட்டுத்தர இயலாது. நோயின் பெயரால் நாம் எடுத்துக்கொண்டவற்றையேனும் திருப்பித் தந்துவிட வேண்டும்.

கோப்பை எடுத்துப் படியுங்கள். அரைமணி நேரம் அவர் அருகில் அமர்ந்து, கண் எங்கே போகிறது, கை எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். என்ன செய்ய விரும்புகிறார் என்று கேளுங்கள். விடை ஓய்வூதியக் கணக்காக இருக்கலாம், செய்தித்தாளாக இருக்கலாம், வெளியூரில் இருக்கும் பேரனின் முகமாக இருக்கலாம். அதற்கு ஏற்ப அமையுங்கள்.

சென்ற மாதம் ஒரு காலையில் பெரியம்மா எங்களை அழைத்தார். அகவிலைப்படி உயர்ந்திருக்கிறது என்றும், பழைய மாதங்களுக்கான நிலுவையும் சேர்ந்து வரவாகியிருக்கிறது என்றும் சொன்னார். எங்களுக்கு அச்செய்தி தெரியாது. பிறகு குறிப்பேட்டைத் திறந்து, தாம் அன்று உத்தேசமாகப் போட்ட கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிட்டுக் காட்டினார். இருநூற்றுச் சொச்சம் ரூபாய்தான் வேறுபாடு. "அது மின்கட்டணம், நீங்கள் எனக்குச் சொல்லாமல் கட்டியது" என்றார்.